ஒரு தலைக்கட்டு

"அந்தப் பேர இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர்" என்று அவர் கேட்ட காலை எனக்கு இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஓர் அரசுப் பள்ளியின் பின்கட்டில் இரண்டே அறைகள். அதுதான் எங்கள் சிறப்புப் பயிற்சி மையம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்றோர் அங்கே கூட்டி வருவார்கள். வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கு நாங்கள் போவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவர் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை மகனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பூ மார்க்கெட்டில் சம்பங்கியை இறக்கிவிட்டு நேரே வந்தவர், சட்டையெல்லாம் அந்த வாசனை. நான் "ஆட்டிசம்" என்றேன். அவர் உதட்டை மட்டும் அசைத்து அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "சரிங்க. எங்களுக்குப் பெறகு இவன யாரு பாப்பா?"

பையனுக்கு அப்போது ஒன்பது வயதுதான். பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் படிப்பில் எங்களுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை எப்போது பேசும், ஏன் கையைக் கடித்துக்கொள்கிறது, ஏன் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. "அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்ணே, மொதல்ல பயிற்சிய ஆரம்பிப்போம்" என்று சொன்னேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இருக்கும் உற்சாகம் அது. அவர் அதற்கும் தலையை ஆட்டினார். நான் சொன்ன எதற்கும் அவர் தலையாட்டாமல் இருந்ததில்லை. தலையை ஆட்டிவிட்டு, மறுபடி அதே கேள்வியில் வந்து நிற்பார்.

அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அண்ணன் என்றே எழுதுகிறேன். அவர் மனைவி எனக்கு அக்கா. ஒரே மகன், வீட்டில் அவனை அப்பு என்பார்கள். தாடிக்கொம்பு தாண்டி, குடகனாற்றுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு வீடும் கொஞ்சம் நிலமும் இருந்தன. ஆறு என்று பெயர்தான். நான் போன வருடங்களில் பெரும்பாலும் மணலும் சீமைக்கருவேலும்தான். வாரம் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் இறங்கி, தென்னந்தோப்பு ஓரமாக நடந்து போவேன். பஸ் வளைவில் திரும்பும்போதே, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அப்பு வாசலைப் பார்த்து நிற்பானாம். நான் உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டான். என் பையின் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடுவான். எனக்கு அவன் வைக்கும் வணக்கம் அதுதான். பேச்சு மிகவும் குறைவு. நாம் சொல்வதில் கடைசியாகக் காதில் விழுவதைத் திருப்பிச் சொல்வான். "சாப்டியா அப்பு" என்றால் "சாப்டியா அப்பு" என்பான். இதை எதிரொலிப் பேச்சு என்பார்கள் என்றேன். அண்ணன் அந்தப் பேரையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

என்னிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. அறிவுசார் குறைபாடு, வளர்ச்சித் தாமதம், புலன்சார்ந்த சிக்கல், நடத்தை மாற்றப் பயிற்சி என்று வாரத்துக்கு ஒன்றாக எடுத்துப் போவேன். அண்ணன் ஒவ்வொன்றையும் ஓர் ஊரின் பெயர் போலத்தான் கேட்டுக்கொண்டார். அங்கே போய் இறங்கினால் யாராவது இருப்பார்கள் என்று நம்பினார். "தனிநபர் கல்வித் திட்டம்" என்றேன். அது எந்த ஆபீஸில் கிடைக்கும் என்றார். ஆபீஸ் இல்லை, அப்புவுக்கு இந்த வருடம் என்னென்ன சொல்லித் தரலாம் என்று நான் திட்டம் போடுவது அது என்றேன். "ஓ, நீங்கதானா" என்றார். ஏமாற்றத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரே ஒருமுறைதான் அவருக்கு ஒரு வார்த்தையின் மேல் கோபம் வந்து பார்த்தேன். அரசாங்கத் தமிழில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. அதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "வெளி உலகத்த இவன் எங்க டீச்சர் நெனைக்காம இருக்கான்? பஸ்ஸு வாரது எனக்கு முன்னாடி இவனுக்குத்தான் தெரியுது. மழ வாரதுக்கு முன்னாடி காதப் பொத்துறான். வெளி உலகந்தான் இவன நெனைக்க மாட்டேங்குது" என்றார். சொல்லிவிட்டு, என்னைக் கடிந்துகொண்டதாக நான் நினைத்துவிடுவேனோ என்று உடனே எழுந்து போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெயரை அதன்பிறகு நான் எந்தப் பெற்றோரிடமும் சொன்னதில்லை.

அக்காவுடைய கேள்விகள் வேறு மாதிரி. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த சூட்டில், 'இளைப்பாறல் பராமரிப்பு' என்று ஒன்றைப் பற்றி அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளையைச் சில நாட்களுக்கு வேறொருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார்கள், பெற்றோர் அந்த நேரத்தில் ஓய்வெடுக்கலாம், ஒரு விசேஷத்துக்குப் போய் வரலாம் என்றேன். அக்கா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். சின்னாளப்பட்டியில் இருக்கிற தன் தங்கை வீட்டு விசேஷம் எதற்கும் அவர் போய் வருடக்கணக்காகிவிட்டது. மேளச் சத்தம் அப்புவுக்கு ஆகாது. அவனைத் தனியே விடவும் முடியாது. "அப்புடி ஒன்னு இருக்கா? எங்க இருக்கு டீச்சர்?" என்றார். நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை, பெரிய ஊர்களில் இருக்கலாம் என்று இழுத்தேன். "பெறகு எதுக்கு அதச் சொல்றீங்க?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கத்தரிக்காயை மறுபடி நறுக்கத் தொடங்கினார். அன்றைக்கு நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

அப்புவுக்குப் பதினெட்டு முடிந்ததும், விதிப்படி என் பொறுப்பிலிருந்து அவன் போய்விட்டான். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத்தான் எங்கள் மையம். அதற்குப் பிறகும் நான் மாதம் ஒருமுறை போய் வந்தேன். அது பழக்கம், பாசம், என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்பது வருடங்களில் அவன் தானாகக் குளிக்கவும், தட்டைக் கழுவி வைக்கவும், சம்பங்கி மொட்டைக் காம்பு ஒடியாமல் பறிக்கவும் கற்றிருந்தான். என் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் ரோட்டில் தனியாக விட முடியாது. வயிறு வலித்தால் சொல்லத் தெரியாது. சுவரில் தலையை முட்டிக்கொள்வான். மீசை அரும்பிய பிள்ளையின் மணிக்கட்டை அண்ணன் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அண்ணனுக்குச் சர்க்கரை.

பெரிய பிள்ளைகளைத் தங்கவைக்கிற இல்லங்களை நானும் அண்ணனுமாகத் தேடினோம். ஒன்றில் இடமே இல்லை என்றார்கள். இன்னொன்றை அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்ல எடந்தான் டீச்சர். சுத்தமா வச்சிருக்காக. சோறெல்லாம் சாப்ட்டுப் பாத்தேன், நல்லாருக்கு. ஆனா அம்புட்டுப் பேரையும் தம்பி, தம்பின்னுதான் கூப்புடுறாக. பேரு சொல்லி ஒருத்தரும் கூப்புடல" என்றார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தைப் பற்றிப் பிறகு அவர் பேசவில்லை. அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

அதைப் புரிந்துகொள்ள அவர்கள் குலதெய்வக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரியோடு போகிற பக்கம், கரட்டடியில் ஒரு கருப்பசாமி. அப்பன் வழிப் பங்காளிகள் எல்லாரும் வருடா வருடம் மாசியில் அங்கே கூடிச் சாமி கும்பிடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று பிரித்து, கிடாய் வெட்டி, அந்தக் கறியைத் தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று சமமாகப் பிரிப்பார்கள். ஈரல், எலும்பு, குடல் எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். யாரும் கூடக் குறைய என்று சொல்ல முடியாது. கோயில் பெரியவர் ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரையும் உரக்கச் சொல்லுவார். பெயருக்கு உரியவன் முன்னால் வந்து தன் கையால் வாங்க வேண்டும். கல்யாணமாகாதவனுக்குக் கூறு கிடையாது. அவன் தகப்பன் கூறுக்குள் அடக்கம். தகப்பன் போய்விட்டால் எதற்குள் அடக்கம் என்று அண்ணன் யோசித்திருக்கிறார். அப்பு ஒரு தலைக்கட்டாகிவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு கூட்டம் அவனுக்கு இருக்கும், அப்புறம் அவர்கள் அவனை விட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நான் பல வருடங்களாகக் கொண்டுபோய்க் கொட்டிய வார்த்தைகளில் எதிலுமே இறங்க இடம் கிடைக்காமல், கடைசியில் தன் வார்த்தை ஒன்றை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குப் பங்காளிகள் சொன்ன வழி சுலபமானது. ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டி வை, தானாகத் தலைக்கட்டாகிவிடுவான் என்றார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை ஒன்று வேடசந்தூர்ப் பக்கம் இருக்கிறது, பேசி முடித்துவிடலாம் என்று ஒருவர் பெயர், ஊர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அக்காவுக்கு ஆசைதான். "நான் போன பெறகு ஒரு வா தண்ணி குடுக்க ஆளு வேணும்ல" என்று என்னிடம் அழுதார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். "ஒரு பொம்பளப் புள்ளயக் கொண்டாந்து காவலுக்கு வச்சிட்டு, அதுக்குக் கல்யாணம்னு பேரு வைக்கச் சொல்றாக. நமக்கு ஒரு புள்ள இருக்கான்னு அந்தப் புள்ளயக் கெடுக்க முடியுமா?" என்றார். இருந்த ஒரே கதவையும் அவரே சாத்தினார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது. மரியாதையை வைத்து என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

கல்யாணம் இல்லாமலே மகனைத் தலைக்கட்டாகச் சேர்க்க வேண்டும் என்று பங்காளிகளிடம் கேட்கப்போவதாகவும், நான் வந்து அப்புவைப் பற்றி அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அண்ணன் என்னைக் கூப்பிட்டார். மாசிக்கு முந்தைய கூட்டம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் ஆண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை. ஆட்டிசம் நோய் இல்லை, தொற்றாது, சாபம் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை என்றேன். அவன் மூளை உலகத்தை வேறு விதமாக வாங்கிக்கொள்கிறது என்றேன். பழகின மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் அமைதியாக இருப்பான், ஆளுக்கு ஒரு மாதம் அவன் வீட்டுக்குப் போய் வந்தாலே போதும், உங்கள் முகம் அவனுக்குப் பழகிவிடும் என்றேன். ஒருவர் கையைத் தூக்கி, "சரியாயிருமா டீச்சர்?" என்று கேட்டார். இதற்குச் சரியாவது என்று ஒன்று கிடையாது, கடைசி வரைக்கும் கூட ஆள் வேண்டும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ஒரு சித்தப்பா முறைக்காரர்தான் முதலில் பேசினார். "சர்ட்டிபிகேட்டுல எழுபத்தஞ்சு சதவீதம் ஊனம்னு போட்ருக்காகளாமே. அப்ப மிச்சம் இருபத்தஞ்சு. கால் தலக்கட்டுன்னு எழுதிக்கிருவமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது; எழுந்திருக்கப் போனேன். அண்ணன் கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னார். கோயில் பெரியவர், அண்ணனுக்குப் பெரியப்பா முறை, சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "கேலி என்னலே கேலி. நம்ம ரத்தந்தான அது. முழுத் தலக்கட்டாவே சேத்துக்குவோம். வரி அவன் பேருல வரட்டும், கூறு அவன் பேருல போகட்டும்." யாரும் மறுக்கவில்லை. அண்ணன் கொட்டகைக்கு நடுவிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

திரும்பி வரும்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டீ குடிக்கலாம் என்று என்னை நிறுத்தினார். அவ்வளவு வருடத்தில் அவர் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் ஒரு கையில் மகன் இருப்பான், நின்றபடிதான். அன்றைக்கு அப்புவை அக்காவிடம் விட்டு வந்திருந்தார். பெஞ்சில் முழு உடம்பையும் சாய்த்து உட்கார்ந்தார். மலைக்கோட்டைப் பாறையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். "இனி அவன் ஒத்தையில்ல டீச்சர்" என்றார். வரியும் கூறும்தான் பேசினார்கள், ஆளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

அந்த மாசியில் கூட்டத்துக்கு நடுவே பெரியவர் அப்புவின் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். கொட்டுச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டிருந்தவனை அண்ணன் மெதுவாக நடத்திக்கொண்டு போய், பொத்திய கைகளைப் பிரித்து, தேக்கிலையில் கறியை வாங்க வைத்திருக்கிறார். இதை அவர் எனக்கு மூன்று நான்கு தடவையாவது சொல்லியிருப்பார். பச்சைக் கறியின் வாடை அப்புவுக்கு ஆகாது. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்திருக்கிறான். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் அந்தப் பெருமை குறையவில்லை.

அடுத்த மாசி வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அக்கா எனக்குப் போன் செய்தபோது அழக்கூட இல்லை. "பக்கத்துலயே இவன் நின்னுருக்கான் டீச்சர். எம்புட்டு நேரம் நின்னானோ" என்றார். நான் போனபோது பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. பந்தல் போட்டது, தேர் கட்டியது, சோறாக்கிப் போட்டது எல்லாம் அவர்கள்தான். அப்புவின் கையோடு கை சேர்த்துப் பிடித்துக் கொள்ளி வைக்க வைத்ததும் அவர்கள்தான். பதினாறாம் நாள், திருப்பூரிலிருந்து வந்த தாய்மாமன் அவனுக்கு உருமா கட்டினார். இனி இந்த வீட்டுக்கு இவன்தான் என்று ஊர் அறியத் தலையில் துணி கட்டுகிற சடங்கு அது. தலையில் எது பட்டாலும் அப்புவுக்குப் பிடிக்காது. பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். நான்கு பேர் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது அது தலையில் இருக்கும்படி செய்தார்கள். முறை முடிந்தது.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி நின்று கேட்டார். பெண்கள் அப்படிச் சபையில் கேட்கும் பழக்கம் அங்கே கிடையாது. "எனக்கும் ஒன்னு ஆயிட்டா இவன ஆரு வச்சுக்கிருவீங்க? ஒருத்தராச்சும் சொல்லுங்க. நான் நிம்மதியாப் போவேன்" என்றார். ஒருவர் சட்டைப் பையில் எதையோ தேடினார். ஒருவர் பந்தல்காரனைக் கூப்பிட்டார். தாய்மாமன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். கோயில் பெரியவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "பாப்போம்த்தா. நாங்க இல்லாமயா போயிருவோம்" என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

'சட்டப்படியான பாதுகாவலர்' என்று என்னிடம் இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. பெற்றோருக்குப் பிறகு அப்புவின் பொறுப்பைச் சட்டப்படி ஏற்க உறவினர் ஒருவர் முன்வந்தால் போதும், மற்ற வேலைகளை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். எந்த வீட்டிலும் என்னை நிற்க வைத்துப் பேசவில்லை. கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள், மிக்சர் வைத்தார்கள். ஒரு வீட்டில் வயதுக்கு வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள்; "ஆம்பளப் பயலக் கொண்டாந்து எங்க டீச்சர் படுக்க வைக்கிறது?" என்றார் அவர்களுடைய அம்மா. ஒரு வீட்டில் மருமகள் ஏற்கனவே படுத்த படுக்கையான மாமனாரைத் தூக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கால் தலைக்கட்டு என்று கேலி பேசிய சித்தப்பாவின் வீட்டுக்கும் போனேன். மனிதர் கண்கலங்கிவிட்டார். "வச்சுக்கிரலாம்னு ஆசதான் டீச்சர். பயமாருக்கு" என்றார். அந்த ஊரில் என்னிடம் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றால், திட்டுவதற்கு ஏற்ற ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

இந்த மாசியில் சாமி கும்பிடு முடிந்த மறுநாள் காலை நான் போயிருந்தேன். அக்காவால் இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்க முடிவதில்லை. கோயிலுக்கு அவரால் போக முடியவில்லை. அப்புவை நடத்திக்கொண்டு போகவும் ஆள் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. ராத்திரி அவன் எழுந்து வெளியே போய்விடுவான் என்று தன் சேலை முந்தானையை அவன் கையோடு முடிந்துகொண்டு தூங்குவதாகச் சொன்னார். நான் அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கோயில் பெரியவர், பேரன் ஓட்டிவந்த வண்டியின் பின்னாலிருந்து இறங்கி நின்றார். கையில் தேக்கிலைப் பொட்டலம். உள்ளே வரவில்லை. அப்புவின் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்.

அக்கா அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தார். "நீ இருத்தா. அவன் வரட்டும், அவன்தான வாங்கணும்" என்று பெரியவர் அங்கிருந்தே சொன்னார். அப்பு வருகிறவரை வெயிலில் நின்றார். வயதான மனிதர், கால் கடுத்திருக்கும், அவசரப்படவே இல்லை. அப்பு தொட்டியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். அப்பா கற்றுக்கொடுத்தது அப்படியே இருந்தது. அக்கா என் காதருகே சொன்னார்: "அவுக மொறை தவற மாட்டாக டீச்சர். அவரு போன பெறகு இந்த வீட்டுக்குக் கூறு வாரதே இவன் பேருலதான். நான் இருக்கேன்னு எந்தக் கணக்குலயும் கெடையாது."

பெரியவர் பொட்டலத்தைக் கொடுத்த பிறகும் போகவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்புவுக்கு நேரே நின்று, ஒரு பெரிய மனிதரிடம் பேசுகிற மரியாதையோடு பேசினார். "வார மாசிக்கு மொறை ஒன் வீட்டுக்கு வருதுப்பா. வரிசப்படி வருது. கோயிலுக்கு வெள்ளையடிக்கணும், அம்புட்டுத் தலக்கட்டுக்கும் ரெண்டு வேள சோறாக்கிப் போடணும். ஒங்க அய்யா கேட்டு வாங்குன எடம் அது. தலக்கட்டுன்னு ஆயிட்டா எல்லாந்தான. என்ன சொல்ற?" அவர் கேலி செய்யவில்லை, கொடுமைப்படுத்தவும் இல்லை. முழுத் தலைக்கட்டு என்று சபையில் வாக்குக் கொடுத்தவர். கொடுத்த வாக்கை அச்சுப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வாசலுக்குப் போனேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்றுதான். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவருக்கு இருக்கிற மனிதர்கள் இவர்கள்தான். நான் கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவேன்.

பெரியவர் பதிலுக்குக் காத்திருந்தார். அப்பு இலையை மூக்கிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஆடிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அக்கா, "தாத்தா கேக்குறாகல்ல, செஞ்சிருவோம்னு சொல்லு சாமி" என்றார்.

"செஞ்சிருவோம்னு சொல்லு சாமி" என்றான் அப்பு.

பெரியவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். "அது போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.